சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தட்டு

இங்கிலாந்தின் பர்ன்லியில் பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்கிறேன். பெயர் டோனா ஹார்கிரீவ்ஸ். சமையலறை அலமாரியைத் திறந்து, பாய்லரின் முன்தகட்டைக் கழற்றிவைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியிடம் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். டாக்டரிடம் மறைப்பதைக்கூட என்னிடம் மறைப்பதில்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதாலோ என்னவோ. அதனாலேயே எனக்கென்று ஒரு விதி உண்டு. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வதில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த விதியை ஒரே ஒரு நாள்தான் மீறினேன். போன ஜனவரியில், ஆல்டர் தெருவில்.

ஆல்டர் தெருவில் பதினாலாம் எண் பெரில் கிரிம்ஷாவுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் குழம்பு ஊற்றி ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. பதினாறாம் எண் ட்ரெவர் ஹோல்ராய்டுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு பாய்லரையும் வருடா வருடம் ஜூலையில் பார்த்துவிடுவேன். அதற்கு முந்தைய ஜூலையில் என் மணிக்கட்டு முறிந்ததால் எல்லாம் தள்ளிப்போய், தெருவெல்லாம் உறைபனி படிந்திருந்த ஒரு வியாழக்கிழமை காலையில்தான் போக முடிந்தது.

முதலில் பெரில் வீடு. பாய்லரில் குறை ஒன்றும் இல்லை. அழுத்தம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மாடியில என் ரூம் ரேடியேட்டரையும் பாரு கண்ணு. கீழ் பாதி சுடுது, மேல் பாதி பொணம் மாதிரி சில்லுனு கெடக்கு" என்றார்.

பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு அது; உள்ளே காற்று சேர்ந்துவிட்டால் அப்படித்தான். மாடிக்குப் போய், ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சின்னப் பித்தளைச் சாவியைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. அது தீர்ந்ததும் நாலு துளி கறுப்புத் தண்ணீர். துணியில் ஏந்திக்கொண்டு நிமிர்ந்தபோது கட்டிலின் தலைமாடு கண்ணில் பட்டது. சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் ஓரிடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது. பக்கத்தில் இருந்த குட்டி மேசையில் மூக்குக் கண்ணாடி, ஒரு கோப்பைத் தண்ணீர், மாவு உருட்டும் கட்டை.

"இது எதுக்கு மிஸஸ் கிரிம்ஷா? திருடனுக்கா?"

"திருடன் வந்தா டீ போட்டுக் குடுத்து அனுப்பியிருப்பேன். இது பக்கத்து வீட்டு ஆளுக்கு."

"ட்ரெவருக்கா! அவர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரே."

"மிதிக்க மாட்டான். தட்டுவான். டாண்ணு காலையில அஞ்சே கால். டொக், டொக், டொக். மூணு. சரியா என் மண்டைக்கு நேரா. ஆறு வருஷமா இதே கூத்து. நான் மட்டும் சும்மா இருப்பேனா? எந்திரிச்சு ஒக்காந்து அஞ்சு திருப்பிக் குடுப்பேன்."

"எதுக்குத் தட்டுறாராம்?"

பெரிலின் முகம் சட்டென்று சிவந்தது. "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிக் கட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"ஒரு தடவை போய்க் கேட்டிருக்கலாமே?"

"நான் ஏன் கேக்கணும்? தட்டுறவன் வந்து சொல்லட்டும், எதுக்குத் தட்டுறான்னு. அதுலயும் ஒரு கணக்கு வச்சிருக்கான் பாரு. அக்டோபர்ல ஆரம்பிப்பான், ஏப்ரலோட நிறுத்திடுவான். வெயில் காலத்துல மட்டும் பெரிய மனுஷன். வேலி மேல தக்காளி எல்லாம் கொண்டாந்து வைப்பான்."

"நீங்க எடுத்துக்குவீங்களா?"

"செத்தாலும் தொட மாட்டேன். பறவைங்க தின்னும்."

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. டீயையும் இரண்டு பிஸ்கட்டையும் முடித்துக்கொண்டு, என் விதிப்படி வாயையும் மூடிக்கொண்டு, பக்கத்துக் கதவைப் போய்த் தட்டினேன்.

ட்ரெவர் கதவைத் திறந்து, "மெதுவா, மெதுவா" என்று கிசுகிசுத்தார். தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கெட்டில் சீழ்க்கை அடிக்க ஆரம்பிக்கும் முன்பே பாய்ந்து போய் அடுப்பிலிருந்து தூக்கினார். தூங்கும் குழந்தை இருக்கிற வீடு போல இருந்தது.

அவருடைய பாய்லரை ஆறு வருடத்துக்கு முன் பொருத்தியது நான்தான். சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த முதல் குளிர்காலம். அதனால் அதன் மேல் எனக்கு எப்போதும் ஒரு தனிப் பாசம். ஜூலையில் வரும்போது ரேடியேட்டர்களைச் சுட வைத்துப் பார்ப்பதில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்து பாய்லரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். இப்போது குளிர்காலமாயிற்றே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று வீடு முழுவதும் ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டராகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனேன். ட்ரெவர் பூனை நடையில் பின்னால் வந்தார்.

பின்பக்க அறையில் ஒரு நாற்காலி, இசைத் தாள் வைக்கும் கம்பி ஸ்டாண்டு, மூலையில் பெரிய கறுப்புப் பெட்டி. ட்ரெவர் நாற்பது வருடமாக ஊர் பேண்டில் யூஃபோனியம் வாசிப்பவர். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது போல வைத்து ஊதுகிற பித்தளை வாத்தியம் அது.

ரேடியேட்டரில் கை வைத்தேன். அப்போதுதான் சூடு ஏற ஆரம்பித்திருந்தது. காலுக்கடியில் எங்கோ மெல்ல, டொக். டொக். டொக்.

ட்ரெவருக்கு அது காதில் விழவே இல்லை. நாற்பது வருடம் பித்தளைக்கு நடுவே உட்கார்ந்த காது. ஆனால் அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஐந்து அடி எந்தக் காதிலும் விழும். சுவரில் மாட்டியிருந்த பேண்ட் குரூப் படம் ஆடியது. ட்ரெவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"பாத்தியா பொண்ணு? நான் என்ன பண்ணினேன்? மூச்சுதானே விட்டேன்!"

"இது அடிக்கடி நடக்குமா?"

"தினமும் விடியக்காலையில. இப்ப பகல்லயும் ஆரம்பிச்சிருச்சு அந்தம்மா." குரலை இன்னும் தாழ்த்தினார். "மொதல்ல வாத்தியச் சத்தம்தான் பிடிக்கலன்னு நெனச்சேன். வீட்ல வாசிக்கிறத நிறுத்திட்டேன். தோட்டக் கொட்டகையில போய் ஊதுறேன், ஒதடு ஒட்டிக்குது குளிர்ல. அப்பவும் தட்டுச்சு. சவரம் பண்ணும்போது முணுமுணுன்னு பாடுவேன், அதையும் விட்டேன். அப்பவும் தட்டுச்சு. ஷூவ விட்டேன். ரேடியோவ விட்டேன். இப்ப ஏழு மணிக்கு முன்னாடி கக்கூஸ்ல தண்ணிகூட எறக்குறதில்ல, தெரியுமா? இன்னும் நான் எதைத்தான் விடறது?"

என் காதில் பெரிலின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபரிலிருந்து ஏப்ரல். அஞ்சே கால்.

"உங்க ஹீட்டிங் காலையில எத்தனை மணிக்கு வருது மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

"அஞ்சு மணிக்கு. பஸ் ஓட்டின பழக்கம். ஏன்?"

ஐந்து மணிக்கு பாய்லர் எரியத் தொடங்கினால், செம்புக் குழாய்கள் சூடேறி நீள ஆரம்பிக்கக் கால் மணி நேரம் ஆகும். நீளுகிற குழாய்க்கு இடம் இல்லையென்றால் அது எதையாவது உதைக்கும்.

சுவரோரம் கம்பளத்தைச் சுருட்டி, தரைப் பலகை ஒன்றை நெம்பி எடுத்தேன். கீழே குறுக்குக்கட்டை. அதன் மேல் விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் செம்புக் குழாய் இறுக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பள்ளத்தில் குழாய் மரத்தில் உரசிச் சத்தம் வராமலிருக்க, அடியில் ஒரு துண்டு கம்பளிப் பட்டை வைப்பது வழக்கம். இங்கே வெறும் மரமும் செம்பும். மரத்தில் பளபளவென்று தேய்ந்த தடம். கட்டையின் முனை நேராகப் பொதுச்சுவருக்குள் போய்ச் செருகியிருந்தது. அந்தப் பக்கம் சரியாகப் பெரிலின் தலைமாடு. இங்கே குழாய் உதைத்தால் இவருக்கு எறும்பு தும்மினது போல. அவருக்குத் தலைமேல் சுத்தியல்.

எந்த மடையன் இப்படிக் குழாய் போட்டான் என்று கேட்க வாயைத் திறந்தேன். கையிலிருந்த பலகையைத் தற்செயலாகத் திருப்பினேன். அடியில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தது: "டிச. 20. இங்கே கம்பளி வைக்கணும். டோனா."

வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. என் மகளுக்குப் பள்ளி நாடகத்தில் ஆடு வேஷம். மூன்று மணிக்கு நாடகம், இரண்டரைக்குக் கம்பளிப் பட்டை தீர்ந்துபோனது. திங்கட்கிழமை வந்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்துவிட்டு ஓடினேன். ஆடு மேடையில் அழுதது. நான் திங்கட்கிழமை வரவில்லை.

"என்னம்மா, ஏதாவது பெரிய கோளாறா?" என்றார் ட்ரெவர்.

"சின்னதுதான்" என்றேன். வேனுக்குப் போய்ப் பட்டையை எடுத்து வந்தேன். பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, குழாயைத் தூக்கிப் பட்டையைச் செருக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பலகையை மூடி ஆணி அடித்துவிட்டால் போதும். நாளைக் காலை தட்டு இருக்காது. அவன் திருந்திவிட்டான் என்று பெரில் நினைப்பார். அந்தம்மா மனம் இளகிவிட்டது என்று ட்ரெவர் நினைப்பார். என்னை யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டுவிட்டேன்.

"சீக்கிரம் முடிச்சிடு தாயி. சாயங்காலம் ஆக்ரிங்டன்ல இருந்து ஒருத்தர் வர்றார், வாத்தியத்தை வாங்கிட்டுப் போக" என்றார் ட்ரெவர்.

ஆணியை வாயிலிருந்து எடுத்தேன். "விக்கிறீங்களா? ஏன்?"

"கொட்டகையில ஊதி ஊதி நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இங்கயும் வாசிக்க முடியாது. ஒரு மனுஷிக்கு நிம்மதி இல்லாம நான் என்னத்த வாசிச்சு..." பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு மேல் முடியவில்லை. பலகையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பெரில் சொன்னதையும் சேர்த்து நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை. கடைசியில், "அப்போ நான் தண்ணிய எறக்கியிருக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

பெரிலைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இருவரும் அவர் வாசலில் போய் நின்றோம். ட்ரெவர் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் பெரில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கதை நல்லா இருக்கு. இந்த ஆளு சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல மிஸஸ் கிரிம்ஷா, குழாய்தான்..."

"குழாய்க்குக் கை இருக்கா? மூணு தட்டு, எண்ணித் தட்டுது. குழாய்க்கு எண்ணத் தெரியுமா?"

"பட்டையை எடுத்துட்டு மறுபடி சுட வச்சுக் காட்டுறேன். நீங்க உங்க ரூம்ல இருந்து கேளுங்க."

"நான் இங்க இருந்தா இவன் அங்க என்ன பண்றான்னு யார் பாக்குறது?" கொஞ்சம் யோசித்தார். "இவனும் என்கூட மாடிக்கு வரட்டும். ரெண்டு கையும் முட்டி மேல, என் கண்ணு முன்னாடி இருக்கணும்."

அப்படியே முடிவாயிற்று. நான் திரும்பிப் போய்ப் பட்டையை உருவினேன், ஹீட்டிங்கை அணைத்தேன், ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். குழாய் ஆற முக்கால் மணி நேரம் ஆனது. கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பாய்லரைப் போட்டுவிட்டுப் பெரிலின் செல்போனைக் கூப்பிட்டேன்.

"போட்டாச்சு. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல வரும்."

"சரி" என்று சொல்லிப் பெரில் போனை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை. நானும் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து ட்ரெவரின் குரல். "ரூம் அழகா இருக்கு."

"கைய எடுக்காத."

"எடுக்கல. தக்காளி பிடிக்காதா உங்களுக்கு?"

"பேசாம ஒக்காரு."

என் காலடியில் குழாய் உதைத்தது. டொக், டொக், டொக். போனுக்குள்ளிருந்தும் அதே சத்தம், நாலு மடங்கு பெரிதாக.

"என் கை இங்கதான் இருக்கு" என்றார் ட்ரெவர்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். பிறகு, பெரிலின் குரல் என்று நம்ப முடியாத சின்னக் குரலில், "அப்போ... அது கொறட்டைக்கு இல்லையா?" என்றார்.

"கொறட்டையா? யாரு கொறட்டை?"

"யாருதா? என்னுதுதான்! எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார், நீ விடுற கொறட்டையில தெருவே முழிச்சுக்கும்னு. அவர் போய் ரெண்டு வருஷத்துல நீ தட்ட ஆரம்பிச்ச. கொறட்டைக்குத்தான் தட்டுறன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு. அதை எப்படி வந்து கேப்பேன்?"

"எனக்கு இடி விழுந்தாலே பாதிதான் கேக்கும் மிஸஸ் கிரிம்ஷா."

"மூக்குல ஒட்டுற பட்டை வாங்கிப் போட்டேன். அதுவும் சரியா வரல."

"அதான் அங்க தொங்குற நைட்டி முதுகுல டென்னிஸ் பந்து தச்சிருக்கா?"

"அத ஏன் பாக்குற நீ! மல்லாந்து படுத்தாத்தானே கொறட்டை வரும்! ஆறு குளிர்காலமா ஒருக்களிச்சே படுத்து இடுப்பே போச்சு எனக்கு!"

ஒரு மாதிரி மூச்சுமுட்டும் சத்தம் கேட்டது. அழுகிறார்கள் என்று பயந்துபோனேன். இல்லை. ட்ரெவர்தான் சிரிக்க ஆரம்பித்திருந்தார், ஆறு வருடமாக அடக்கிவைத்திருந்தவர். கொஞ்ச நேரத்தில் பெரிலும் சேர்ந்துகொண்டார். சுவர் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. நானும் நிம்மதியாகச் சிரித்தேன்.

அதுதான் தப்பாகப் போனது. போனுக்குள் சிரிப்பு சட்டென்று நின்றது.

"யாரு சிரிக்கிறது?" என்றார் பெரில். "ஏம்மா டோனா! அந்தக் குழாயப் போட்டது எந்த மடப்பய?"

ட்ரெவர் இருமினார். அவர் சொல்லவில்லை, நல்ல மனிதர். நானே சொன்னேன், ஆட்டு வேஷம் உட்பட.

இரண்டு நிமிடத்தில் இருவரும் பதினாறாம் எண்ணின் பின்பக்க அறையில் என் எதிரே நின்றார்கள். பெரில் கட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பலகையின் அடியில் இருந்ததை உரக்கப் படித்தார். "'வைக்கணும்'னு எழுதி வச்சிருக்கா பாருங்க ட்ரெவர். எழுதத் தெரிஞ்சிருக்கு, வைக்கத் தெரியல."

"ஆறு வருஷம்" என்றார் ட்ரெவர்.

"வருஷா வருஷம் என் வீட்டுல வந்து பிஸ்கட் வேற தின்னிருக்கா."

"என் வீட்லயும்."

"ஆட்டு வேஷமாம்! எங்க ஸ்கூல்ல வருஷத்துக்கு இருபது ஆடு வரும். யாராவது குழாய நட்டாத்துல விட்டுட்டு ஓடினாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டையை மறுபடி செருகினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து நின்று மேற்பார்வை பார்த்தார்கள். பெரில் இன்னொரு துண்டும் வைக்கச் சொன்னார். வைத்தேன். மூன்றாவது துண்டுக்கு இடம் இல்லை என்று காட்டிய பிறகுதான் பலகையை மூட விட்டார்கள். ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என்னைத் திட்டுவதில் அவ்வளவு ஒற்றுமை.

நாலு மணிக்கு ஆக்ரிங்டன்காரர் வந்தார். பெரில்தான் போய்க் கதவைத் திறந்தார். "வாத்தியம் விக்கிறதுக்கு இல்ல. வந்த காலோட ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் குடித்துவிட்டுத்தான் போனார். எனக்கு அன்று பிஸ்கட் தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை முழுக்க நான் நிம்மதியாக உட்காரவில்லை. அந்த முதல் குளிர்காலத்துப் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். ட்ரெவர் வீட்டைத் தவிர இன்னும் ஒன்பது வீட்டில் குழாய் போட்டிருந்தேன். அவசரமாக ஓடிய வெள்ளிக்கிழமை அது ஒன்றுதானா என்று எனக்கே சந்தேகம். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, காலையில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். எட்டு வீட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்பதாவது, பேடிஹாமில் இருக்கும் லினெட் ஷட்டில்வர்த்.

"சத்தமா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார். "ஹீட்டிங் அருமையா ஓடுது. உன் பேரத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைக்கப் போனேன்.

"இந்தப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் சரியில்ல. முன்னெல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க. அஞ்சாறு வருஷமா என்ன கோவமோ, மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறாங்க. குளிர்காலம் வந்தா போதும், இன்னும் மோசம்."

டைரியை மூடினேன். "செவ்வாய்க்கிழமை காலையில வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, கம்பளிப் பட்டை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேனுக்குப் போனேன்.